அக்காவுக்கு ஒரு ஏக்கரா, மூன்று ஏக்கரா? சட்டத் தேடலில் துணை ஆதாரங்களைப் பயன்படுத்துவது எப்படி

போன வருஷம் உறவுக்கார அக்கா ஒருவர் துணிப்பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் பட்டா நகல், அவருடைய அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த நான்கு ஜெராக்ஸ் தாள்கள்.

விவகாரம் இதுதான். அக்காவுக்கு 1986இல் கல்யாணம். அப்பா இறந்தது 2003இல், உயில் எழுதவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். தாத்தா 1956க்கு முன்பே காலமாகி, அப்பா கைக்கு வந்த பூர்வீக நஞ்சை ஒன்பது ஏக்கர் இருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்கள். பங்கு கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில், "உனக்கு எண்பத்தாறுலயே கல்யாணம் ஆயிடுச்சு. சட்டப்படி உனக்கு ஒண்ணும் கிடையாது."

அந்த நான்கு தாள்களும் அக்கா தானே தேடி எடுத்தவை. முதல் தாள் ஒரு பழைய சட்டக் கேள்வி-பதில் புத்தகத்தின் பக்கம்: தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குரிமை இல்லை. இரண்டாவது ஒரு பத்திரிகைக் கட்டுரை: 2005 முதல் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை. மூன்றாவது ஒரு வழக்கறிஞரின் விளக்கம்: 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் அந்த உரிமை. நான்காவது 2020இல் வந்த செய்தி: அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"தம்பி, நாலு பேரும் நாலு விதமா எழுதியிருக்காங்க. இதுல யாரு பொய் சொல்றா?"

யாரும் பொய் சொல்லவில்லை. நான்கும் எழுதப்பட்ட நாளில் சரியாகவே இருந்தவை. அக்காவின் கையில் இருந்தது சட்டம் அல்ல, சட்டத்தைப் பற்றி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் எழுதியது. அதைத்தான் துணை ஆதாரம் என்கிறோம். அதை எங்கே தேடுவது, எந்த அளவுக்கு நம்புவது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சட்டக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் தம்பி தங்கைகளுக்கும், தன் வழக்கைத் தானே புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சட்டம் எது, சட்டத்தைப் பற்றிய பேச்சு எது

அரசமைப்புச் சட்டம், நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றிய சட்டங்கள், அவற்றின் கீழ் வந்த விதிகள், அரசிதழ் அறிவிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை முதன்மை ஆதாரங்கள். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141ஆவது உறுப்பு. நீதிபதிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இவற்றைப் பின்பற்றியாக வேண்டும்.

மற்றதெல்லாம் துணை ஆதாரம். நீதிமன்ற வட்டாரத்தில் கமெண்டரி என்று சொல்லப்படும் விரிவுரை நூல்கள், தீர்ப்புகளைச் சுருக்கித் தலைப்பு வாரியாக அடுக்கும் டைஜஸ்ட்கள், சட்ட அகராதிகள், இதழ்க் கட்டுரைகள், சட்ட ஆணைய அறிக்கைகள், ஆய்வேடுகள், பரீட்சைக்கான கைடுகள், செய்தித்தாள் பத்திகள், யூடியூப் விளக்கங்கள் எல்லாம் இதில் சேரும். இவற்றில் எதையும் நீதிபதி பின்பற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல கமெண்டரியை நீதிமன்றம் மதிக்கும், மேற்கோளும் காட்டும். ஆனாலும் அது மரியாதைதான், கட்டுப்பாடு அல்ல.

சீனியர்கள் ஜூனியர்களிடம், "முதல்ல பேர் ஆக்ட்டைப் படி, அப்புறம் கமெண்டரி" என்பார்கள். விளக்கவுரை எதுவும் இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் அச்சடித்த மெல்லிய புத்தகம்தான் பேர் ஆக்ட். அனுபவசாலிக்கு அந்த அறிவுரை சரி. புதிதாக ஒரு விஷயத்துக்குள் நுழைகிறவருக்கு நான் தலைகீழாகச் சொல்வேன்: துணை ஆதாரத்தில் தொடங்குங்கள், முதன்மை ஆதாரத்தில் முடியுங்கள். நடுவில் எங்கேயும் நின்றுவிடாதீர்கள்.

காரணம், சட்டம் வேறொரு பாஷை பேசுகிறது. அக்கா தேடியது "அப்பா சொத்தில் பெண்ணுக்குப் பங்கு". 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் அப்படி ஒரு சொற்றொடரே கிடையாது. அது கோபார்சனர் என்கிறது, அதாவது பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு பெறுகிறவர். தீர்ப்புகளுக்குள் போனால் நோஷனல் பார்ட்டிஷன் என்பார்கள்: ஒருவர் இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாகக் கற்பனை செய்துகொண்டு கணக்குப் போடுவது. இந்த இரண்டு சொற்களும் தெரியாமல் தீர்ப்புகளைத் தேடினால் வேண்டாததெல்லாம் வரும், வேண்டியது மட்டும் வராது. ஒரு கமெண்டரியில் பத்துப் பக்கம் படித்தால் இந்தச் சொற்கள் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவே தோன்றாத கேள்வியை நல்ல நூல் கேட்டு வைக்கும். "தாத்தா சொத்து என்றால் பூர்வீகச் சொத்து" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், பல எளிய கட்டுரைகளும் அப்படியே எழுதும். ஆனால் 1956க்குப் பிறகு ஒருவர் இறந்து, அவருடைய தனிச் சொத்து இதே சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி மகன் கைக்கு வந்தால், அது அந்த மகனின் தனிச் சொத்துதான், அவர் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சந்தர் சென் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால்தான் அக்காவிடம் நான் முதலில் கேட்டது, "தாத்தா எந்த வருஷம் இறந்தார்?" அந்தக் கேள்வி என் சொந்தப் புத்தியில் உதித்ததல்ல. கமெண்டரி கற்றுக்கொடுத்தது.

எங்கே தேடுவது

விரிவுரை நூலில் தொடங்குவதே எனக்குப் பிடிக்கும். ஒரு சட்டத்தைப் பிரிவு பிரிவாக எடுத்து, ஒவ்வொன்றின் வரலாறு, பொருள், அதன் மேல் வந்த தீர்ப்புகள் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். இந்துச் சட்டத்துக்கு முல்லாவும் மெய்னும். மெய்னின் நூல் 1878இல் சென்னையில் வெளிவந்தது. அதை எழுதிய ஜான் மெய்ன் இங்கே உயர் நீதிமன்றத்தில் வழக்காடியவர். அரசமைப்புக்கு சீர்வையும் பாசுவும், தண்டனைச் சட்டத்துக்கு ரத்தன்லால்-தீரஜ்லால், சாட்சியச் சட்டத்துக்கு சர்க்கார். சொல்லின் பொருளில் சந்தேகம் வந்தால் பி. ராமநாத ஐயரின் லா லெக்சிகன் இன்றும் வக்கீல் அலமாரிகளில் இருக்கிறது.

இந்த நூல்களை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. பின்னால் உள்ள சொல்லடைவுக்குப் போங்கள். "மகள்" என்ற சொல்லுக்குக் கீழே நாற்பது உபதலைப்பு இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதில் இரண்டு. அந்தப் பக்கத்துக்குப் போனால், மேலே ஆசிரியரின் வாக்கியம், கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு. புதியவர்கள் மேலே உள்ளதைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார்கள். தேடிப் போன புதையல் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அதில் (2020) 9 எஸ்.சி.சி. 1 என்று இருந்தால், சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற தீர்ப்பு இதழின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பில் 9ஆம் தொகுதி, 1ஆம் பக்கம். இதைத்தான் சைட்டேஷன் என்கிறார்கள். முகவரி மாதிரி. அது கையில் கிடைத்தபின் ஆசிரியர் சொன்னதை நீங்களே போய்ச் சரிபார்க்கலாம்.

இந்தப் புத்தகங்கள் விலை அதிகம். வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றில்லை. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் உரிமையுள்ள நூலகங்களில் ஒன்று சென்னை கன்னிமாரா. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் சட்டப் பகுதி உண்டு. தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் அவருடைய அலுவலக அலமாரி எல்லாவற்றையும் விடப் பக்கம்.

தீர்ப்பு இதழ்களை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல், 1914 முதல் வரும் ஏ.ஐ.ஆர். போன்றவற்றில் அச்சாகும் தீர்ப்பு முதன்மை ஆதாரம். அதே இதழில் தனிப் பகுதியாக வரும் கட்டுரை துணை ஆதாரம். ஒரே அட்டைக்குள் இரண்டும் இருப்பதால் மேற்கோள் காட்டும்போது கலந்துவிடும், கவனம்.

ஆய்வுக் கட்டுரை வேண்டுமென்றால் கூகுள் ஸ்காலர், பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ஒரு மசோதா ஏன் வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ள பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் குறிப்புகள் நன்றாக இருக்கும். சட்ட ஆணைய அறிக்கைகள் ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசம். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற தளங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்களுக்குக் கல்லூரி வழியாகவே அனுமதி இருக்கக்கூடும், நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள்

இப்போது அக்காவின் நான்கு தாள்களை மேஜையில் பரப்புவோம்.

தமிழ்நாடு 1990ஆம் ஆண்டின் 1ஆவது சட்டத்தின் மூலம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 29-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது 1989 மார்ச் 25 முதல் செல்லும். மகளும் பிறப்பாலேயே பங்குரிமை பெறுவாள், ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவளுக்கு அது பொருந்தாது. முதல் தாள் சொல்வது இதைத்தான். பிறகு நாடாளுமன்றம் 6ஆவது பிரிவையே மாற்றி எழுதியது, 2005 செப்டம்பர் 9 முதல். கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் அதில் இல்லை. இரண்டாவது தாள். 2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில், அந்தத் தேதியில் உயிரோடு இருந்த தந்தையின் உயிரோடு இருந்த மகளுக்கே இந்த உரிமை என்றது உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு. மூன்றாவது தாள். 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில், 2001லேயே இறந்துபோன தந்தையின் மகள்களுக்கு இன்னோர் இரு நீதிபதி அமர்வு பங்கு கொடுத்தது. அப்போது நாடு முழுக்கக் குழப்பம். கடைசியில் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள், பிறப்பால் வரும் உரிமைக்குத் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே அல்ல என்று தீர்த்துவைத்தார்கள். நான்காவது தாள்.

2017இல் அச்சான ஒரு கமெண்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பதிப்பகம், பெயர்பெற்ற ஆசிரியர், கெட்டி அட்டை. அது அக்காவுக்குப் பங்குரிமை இல்லை என்றுதான் சொல்லும். ஆசிரியர் மேல் பிழை இல்லை. காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதனால் எந்தத் துணை ஆதாரத்தைக் கையில் எடுத்தாலும் பதிப்புப் பக்கத்தைப் பாருங்கள். மறு அச்சு என்பது வேறு, திருத்திய பதிப்பு என்பது வேறு. 2022 மறு அச்சு என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 2014ஆம் ஆண்டுப் பதிப்பாக இருக்கலாம். முன்னுரையில் பெரும்பாலும் "இந்தத் தேதி வரையிலான சட்ட நிலை இதில் உள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதிக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடுவது உங்கள் வேலை. இணையக் கட்டுரையில் தேதியே இல்லையென்றால், அது சரியா தவறா என்ற ஆராய்ச்சிக்கே போகாதீர்கள். வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

குற்றவியலில் இது இன்னும் ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பழைய நூல்களில் 302 என்றால் கொலைக்கான தண்டனை. புதிய சட்டத்தில் கொலைக்கான தண்டனை 103ஆவது பிரிவு. 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கோடு பேசுவதைப் பற்றியது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதே நேரம் பழைய நூலைத் தூக்கி எறியவும் வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். கொலை என்றால் என்ன என்று விளக்க நூறு ஆண்டுகளுக்கு மேலாக வந்த தீர்ப்புகளும் அந்தப் பழைய எண்களின் கீழேதான் கிடக்கின்றன.

அட்டையில் உள்ள பெயரும் உள்ளே எழுதியவரும்

தின்ஷா முல்லா 1934இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் வரும் இந்துச் சட்ட நூலின் இன்றைய பதிப்பில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் விளக்கம் உண்டு. அந்தப் பகுதியை எழுதியவர் முல்லா இல்லை, பின்னால் வந்த பதிப்பாசிரியர். "முல்லா சொல்கிறார்" என்று நீதிமன்றத்தில் சொல்வது வழக்கம்தான். மதிப்பிடும்போது மட்டும், இந்தப் பத்தி மூல ஆசிரியருடையதா, திருத்தியவருடையதா, திருத்தியவர் யார் என்று பாருங்கள்.

எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பதையும் கேளுங்கள். பரீட்சை கைடு மாணவனை ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தயார் செய்கிறது. விதிவிலக்குகளை அது விட்டுவிடும். ஒரு தரப்புக்காக வழக்காடும் வக்கீல் எழுதும் கட்டுரையில் அந்தத் தரப்பின் வாதம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அதைப் படிக்கக் கூடாது என்றில்லை, எதிர்த்தரப்பு எழுதியதையும் சேர்த்துப் படித்தால் போதும்.

எழுதியவர் "சட்டம் இப்படி இருக்கிறது" என்கிறாரா, "இப்படி இருக்க வேண்டும்" என்கிறாரா என்பது அடுத்தது. சட்ட ஆணையம் 2000ஆம் ஆண்டில் பெண்களின் சொத்துரிமை பற்றித் தன் 174ஆவது அறிக்கையைத் தந்தது. நீதியரசர் பி.பி. ஜீவன் ரெட்டி தலைவராக இருந்த காலம். நான் திரும்பத் திரும்பப் படித்த அறிக்கை அது. மகளை வெளியே நிறுத்திவைக்கும் முறையைப் பற்றி ஓர் அரசு அமைப்பு அவ்வளவு வெளிப்படையாகப் பேசியது இன்றைக்கும் மனதைத் தொடுகிறது. ஆனால் 2002இல் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அது பரிந்துரை. சட்டமாவதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. இத்தகைய ஆவணங்களின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: சட்டம் ஏன் இப்படி எழுதப்பட்டது என்று சொல்லும். 6ஆவது பிரிவில் 2004 டிசம்பர் 20 என்று ஒரு தேதி திடீரென்று வருகிறது. அதற்கு முன் நடந்த பாகப்பிரிவினை, விற்பனை, உயில் வழி ஏற்பாடு எதையும் புதிய சட்டம் கலைக்காது. ஏன் அந்தத் தேதி? மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்ட நாள் அது. பிரிவை மட்டும் படித்தால் இது விளங்காது.

ஹெட்நோட் என்னும் வழுக்குப்பாறை

இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே வழுக்கியிருக்கிறேன். தீர்ப்பு இதழ்களில் தீர்ப்பு தொடங்குவதற்கு முன்னால், அதன் சாரத்தை இதழின் ஆசிரியர் குழு நாலு பத்தியில் தந்திருக்கும். அதுதான் ஹெட்நோட். நீதிபதி கையெழுத்துப் போட்ட பகுதியில் அது சேராது. தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வருவதால் தீர்ப்பு மாதிரியே தெரியும். ஆனாலும் அது துணை ஆதாரம்தான்.

ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு வழக்குக்கு ரூலிங் தேடச் சொன்னார் சீனியர். அருமையான ஒரு ஹெட்நோட் கிடைத்தது, எங்கள் கட்சிக்காரருக்கென்றே எழுதின மாதிரி. குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "எந்தப் பாரா?" என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்து தீர்ப்பை முழுதாகப் படித்தேன். அந்த வாசகம் உள்ளே இருந்தது. ஆனால் அது ஒரு தரப்பு வக்கீல் வைத்த வாதத்தை நீதிபதி எடுத்துச் சொல்லும் இடம். நாலு பாரா தள்ளி அந்த வாதத்தை நீதிபதி நிராகரித்திருந்தார். அன்றிலிருந்து பாரா எண் இல்லாமல் எந்தத் தீர்ப்பையும் நான் குறித்ததில்லை.

டைஜஸ்ட், செய்தித்தாள் சுருக்கம், வாட்ஸ்அப்பில் சுற்றும் "முக்கியத் தீர்ப்பு" எல்லாவற்றுக்கும் இதே விதி. "உச்ச நீதிமன்றம் அதிரடி" என்ற தலைப்பின் கீழ் வருவது, வழக்கைத் தீர்க்கத் தேவைப்படாமல் நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்தாகவும் இருக்கும். இடைக்கால உத்தரவாகவும் இருக்கும். எந்தப் பாரா என்று கேட்டுப் பழகுங்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒன்று கூடுதல். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடப்படுகின்றன. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. என்றாலும் அந்த மொழிபெயர்ப்பின் கீழேயே, இது கட்சிக்காரர் புரிந்துகொள்வதற்காக, அதிகாரபூர்வமானது ஆங்கில மூலமே என்ற குறிப்பு இருக்கும். விஷயத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், முக்கியமான வரியை மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உரையே சட்டமான கதை

நம் நாட்டில் இந்த எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை மிதாட்சரம். உரை என்பதால் இன்றைய கணக்கில் துணை ஆதாரம். ஆனால் பல நூற்றாண்டுகள் மூல நூலைவிட அந்த உரைதான் சட்டமாக நடந்தது. 1868இல் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், அதாவது மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது: பழைய மூலத்திலிருந்து ஒரு விதியைத் தர்க்கரீதியாக வரவழைக்க முடியுமா என்று பார்ப்பது நீதிபதியின் வேலையல்ல, அந்தப் பகுதியில் எந்த உரை ஏற்கப்பட்டது, எந்த வழக்கம் நிலைத்தது என்று பார்ப்பதே வேலை. தெளிவாக நிரூபித்த வழக்கம், எழுதி வைத்த சட்டத்தையும் மிஞ்சும் என்றும் சொன்னது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தான் கையாளும் விஷயங்களில் இந்தப் பழைய உரைகளின் அதிகாரத்தை முடித்துவைத்தது. ஆனால் முற்றாக மறைந்துவிடவில்லை. 2022 ஜனவரியில் அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கில், 1956க்கு முன் இறந்த ஒருவரின் சுயார்ஜிதச் சொத்து, அதாவது அவர் தானே சம்பாதித்த சொத்து, மகளுக்குப் போகுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதற்குப் பதில் சொல்ல நீதிபதிகள் மிதாட்சரத்தையும் மெய்னையும் முல்லாவையும் புரட்டினார்கள். போகும் என்று தீர்ப்பளித்தார்கள். துணை ஆதாரம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சரிபார்க்கும் வேலை

துணை ஆதாரம் காட்டிய பிரிவை இந்தியா கோட் தளத்தில் எடுத்துப் படியுங்கள். தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்திலோ இந்தியன் கானூனிலோ எடுக்கலாம், இரண்டும் இலவசம். இந்தியன் கானூனில் ஒரு தீர்ப்பைத் திறந்தால், பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்ற பட்டியலும் கிடைக்கும். அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பூலாவதி தீர்ப்பின் மேல் அதை ரத்து செய்துவிட்டார்கள் என்று யாரும் சிவப்பு மையில் எழுதி வைக்கப்போவதில்லை. பட்டியலில் வினீதா சர்மாவைப் பார்த்தால்தான் தெரியும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. 2023 ஜூனில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. வழக்கின் பெயர், எண், மேற்கோள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. வழக்குதான் இல்லை. சைட்டேஷனைத் தேடி, தீர்ப்பைத் திறந்து, பாராவைக் கண்ணால் பார்த்த பிறகே அதைக் கணக்கில் சேருங்கள்.

அக்காவின் ஒன்பது ஏக்கர்

அன்று சாயங்காலம் அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதல் தாள் பிறப்பால் வரும் "பங்குரிமை இல்லை" என்றுதான் சொன்னது, அப்பாவின் வாரிசாக வரும் "பங்கே இல்லை" என்று சொல்லவில்லை. பழைய சட்டப்படியே பார்த்தாலும் அப்பாவும் இரண்டு மகன்களும் ஆளுக்கு மூன்று ஏக்கர். அப்பாவின் மூன்று ஏக்கர், வாரிசுகள் மூன்று பேருக்கும் சமமாகப் போகும். அக்காவுக்கு ஒரு ஏக்கர். "ஒண்ணும் கிடையாது" என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு எந்தக் காலத்திலும் சட்டமாக இருந்ததில்லை. வினீதா சர்மாவுக்குப் பிறகு அக்காவும் பங்குரிமையர். நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டே கால் ஏக்கர், அப்பாவின் இரண்டே காலில் மூன்றில் ஒரு பங்கு முக்கால். ஆக மூன்று ஏக்கர்.

அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ எழுதிக்கொடுத்துடுவாங்களா தம்பி?" என்றார்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் அண்ணன்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்திருந்தால் கதை வேறு. வெள்ளைத்தாளில் எழுதிய கூர்சீட்டு மட்டும் என்றால் அது போதாது. பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருக்க வேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. வாய்மொழிப் பிரிவினையை மிக அரிதாக, அதுவும் அரசுப் பதிவேடுகளின் பலத்தோடு மட்டுமே ஏற்கலாம் என்கிறது வினீதா சர்மா தீர்ப்பு. அப்படி ஒரு பத்திரம் இருக்கிறதா என்று எந்த முல்லாவும் மெய்னும் சொல்ல மாட்டார்கள்.

சர்வே எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, 1986லிருந்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டதாக அக்கா போனில் சொன்னார்.